வலது காலின் வேலை

(இசைப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் ஒரு டிஜிட்டல் பியானோவை வைத்துக்கொண்டு இடையிடையே வாசித்துக் காட்டப்பட்டது.)



டிஜிட்டல் பியானோ வாங்கிய வீட்டில் அட்டைப் பெட்டியிலிருந்து கடைசியாக வெளியே வருவது பெடல்தான். அடாப்டரைச் செருகுவோம், புத்தகம் வைக்கும் தாங்கியை மாட்டுவோம், குழந்தை அதற்குள் நாலு கட்டையைத் தட்டிப் பார்த்துவிடும். தெர்மாகோலுக்கு அடியில், பாலிதீன் உறைக்குள், கறுப்பாகச் சின்னதாக ஒன்று கிடக்கும். "இது எதுக்கு?" என்று புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்போம். சில மாதம் கழித்து டீச்சர் கேட்கும்போது வீடு முழுக்கத் தேடுவோம்.

பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விரலுக்கு வகுப்பு உண்டு, கண்ணுக்குப் புத்தகம் உண்டு. காலுக்கு என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. "இந்த இடத்துல பெடல் போடு" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. எப்படிப் போடுவது, எப்போது எடுப்பது, போட்டால் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் குழந்தை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பாதிப் பேர் கண்டுபிடிப்பதில்லை. பாட்டு தொடங்கும்போது மிதித்த காலைப் பாட்டு முடிந்த பிறகுதான் எடுக்கிறார்கள்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். மிதிப்பதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. காலை எப்போது எடுப்பது என்பதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. அதைக் காலுக்குச் சொல்ல வேண்டியது காது.

நம் ஊரில் பெடல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கால் ஆர்மோனியம். இசை நாடக மேடைகளில் பார்த்திருப்பீர்கள், சில பழைய தேவாலயங்களிலும் பார்த்திருப்பீர்கள். அங்கே மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் சுரமும் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு பியானோவுக்கு வருகிறவர்கள் தாளத்துக்குத் தக்கபடி காலை ஆட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பியானோவின் பெடலுக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை, தாளத்துக்கும் சம்பந்தமில்லை. ஒலியை உண்டாக்குவது அதன் வேலை அல்ல. உண்டான ஒலியை அணைய விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை.

கம்பி உள்ள நிஜப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு காரியம் நடக்கிறது. கம்பளி சுற்றிய சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டுத் திரும்புகிறது. அதே நேரத்தில் அந்தக் கம்பியின் மேல் படுத்திருக்கும் டேம்பர் என்ற கம்பளித் துண்டு மேலே எழும்புகிறது. விரல் கட்டையில் இருக்கும்வரை டேம்பர் இறங்காது. ஒலி தானாகத் தேய்ந்துகொண்டே போகும். விரலை எடுத்தால் டேம்பர் வந்து உட்கார்ந்து ஒலியை அணைத்துவிடும். வலது பெடலை மிதித்தால் எல்லா டேம்பர்களும் ஒன்றாக எழும்பி நிற்கும். உச்ச ஸ்தாயியில் கடைசி இருபது கட்டைகளுக்கு முன்பின்னாக டேம்பரே கிடையாது. குட்டைக் கம்பிகள், ஒலி தானே சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

டேம்பர்கள் எழும்பியதும் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள் இருக்கின்றன. நீங்கள் தட்டியது இரண்டோ மூன்றோ கட்டைதான். ஆனால் அணைப்பார் யாரும் இல்லாததால், தட்டாத கம்பிகளும் கூடச் சேர்ந்து முனகும். தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்களுக்கு இது புதிதல்ல. பெடல் போட்டதும் பியானோ பெரிதானது போல் கேட்பதற்குக் காரணம் அந்த முனகல்தான். ஒலி நீள்வது மட்டுமல்ல, ஒலியின் உடம்பே மாறுகிறது.

இந்தக் காலைக் கண்டுபிடிக்கப் பியானோவுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின என்றால் நம்புவீர்களா? இத்தாலியில், புளோரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தாரின் இசைக்கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தொஃபொரி 1700-ஐ ஒட்டி முதல் பியானோவைச் செய்தார். அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் இருக்கின்றன. 1720-இல் செய்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிலும் பெடல் இல்லை. பிறகு ஜெர்மனியில் காட்ஃபிரீட் சில்பர்மான் டேம்பர்களை மொத்தமாகத் தூக்க ஒரு கைப்பிடி வைத்தார். கையால் இழுக்க வேண்டும். இரண்டு கையும் வாசித்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கையால் இழுப்பது? ஆகவே ஒரு பகுதி முழுக்கத் தூக்கியே வைத்திருப்பது, அல்லது தொடாமலே இருப்பது, இவ்வளவுதான் முடிந்தது.

அடுத்து முழங்காலுக்கு வந்தது. கட்டைகளுக்கு அடியில் ஒரு நெம்புகோல், அதை முழங்காலால் மேலே தள்ள வேண்டும். 1777 அக்டோபரில் மோட்ஸார்ட் அவுக்ஸ்பர்க் நகரில் யோஹான் ஆண்ட்ரியாஸ் ஸ்டைன் செய்த பியானோக்களை வாசித்துப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இந்த முழங்கால் அமைப்பைத் தனியாகப் பாராட்டியிருக்கிறார். லேசாகத் தொட்டாலே வேலை செய்கிறது, முழங்காலை எடுத்ததும் எச்சம் இல்லாமல் ஒலி நின்றுவிடுகிறது என்பது அவருக்குப் பிடித்திருந்தது. கவனியுங்கள், எடுத்ததும் சுத்தமாக நிற்கிறதா என்பதைத்தான் அவரும் பார்த்திருக்கிறார். பிறகு அது காலுக்கு இறங்கிவந்தது. 1783-இல் லண்டனில் ஜான் பிராட்வுட் பெற்ற காப்புரிமையில் காலால் மிதிக்கும் பெடல் இடம்பெற்றது.

கால் கிடைத்ததும் பியானோ செய்கிறவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஐந்தாறு பெடல் வைத்த பியானோக்கள் வந்தன. ஒன்றை மிதித்தால் காகிதத் தோல் கம்பியில் பட்டு 'பர்ர்' என்று பாஸூன் போல ஒலிக்கும். இன்னொன்றை மிதித்தால் உள்ளே ஒரு கோல் பலகையைத் தட்டி மத்தளம் போல ஒலிக்கும், கூடவே மணியும் அடிக்கும். துருக்கிய இசை மோகம் பிடித்திருந்த காலம் அது. இன்றைய கீபோர்டில் இருநூறு முந்நூறு ஒலிகளுக்குப் பொத்தான் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த வியன்னா பியானோதான் நினைவுக்கு வரும். அந்தப் பெடல்கள் எல்லாம் ஒரு தலைமுறைக்குள் காணாமல் போய்விட்டன. தங்கியது டேம்பர் பெடல்.

இனி டிஜிட்டல் பியானோவுக்கு வருவோம். இதற்குள் கம்பி இல்லை, டேம்பர் இல்லை. நிஜப் பியானோவைப் பதிவுசெய்து வைத்த ஒலியோ, கணக்குப் போட்டு உண்டாக்கிய ஒலியோ இருக்கிறது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது ஒரு வயர் வழியாக ஓர் எண் உள்ளே போகிறது, அவ்வளவுதான். 1983-இல் வந்த மிடி என்ற பொது ஒப்பந்தப்படி, வலது பெடலுக்கு 64 என்று பெயர். அதன் மதிப்பு 0 முதல் 127 வரை. 63 வரை பெடல் மேலே இருப்பதாகவும், 64-லிருந்து கீழே இருப்பதாகவும் கணக்கு. இது அடிப்படைக் கணக்கு. நல்ல கருவிகள் நடுவில் உள்ள எண்களையும் புரிந்துகொள்ளும்.

கடையில் பணத்தை எடுப்பதற்கு முன் இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களோடு கொடுக்கும் பெடல் பெரும்பாலும் ஒரு சுவிட்சு. யமஹாவின் எஃப்சி-5 போலச் சின்னப் பெட்டி வடிவில் இருக்கும். அதற்குத் தெரிந்தது இரண்டே எண், 0, 127. வீட்டு மின்விளக்கை அணைத்துப் போடுகிற அதே வேலை. நடுவில் எதுவும் கிடையாது. காலை மெதுவாக எடுத்தாலும் வேகமாக எடுத்தாலும் ஒலி ஒரே மாதிரி வெட்டுப்படும். இன்னொரு வகை, மிதிக்கும் ஆழத்தை முழுதாக அளந்து சொல்கிற பெடல். யமஹாவில் எஃப்சி-3ஏ அப்படிப்பட்டது. ரோலண்டின் டிபி-10 பெடலில் ஒரு சின்ன சுவிட்சு இருக்கும். அதைத் தள்ளினால் சாதாரண சுவிட்சாகவும் பயன்படுத்தலாம், ஆழம் அளக்கும் பெடலாகவும் பயன்படுத்தலாம். உலோகத் தகடு நீளமாக, நிஜப் பியானோவின் பெடல் போலவே இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பெடல் அளந்து சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளும் திறன் கருவிக்கு இருக்க வேண்டும். கையேட்டில் 'ஹாஃப் பெடல்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை உயர்ந்த பெடலை வாங்கியும் பயனில்லை.

என் கருத்தைக் கேட்டால், குழந்தை ஓராண்டு தாண்டி வாசிக்கிறது, விடாது என்று தெரிந்துவிட்டால், வேறு எதை வாங்குவதற்கும் முன் அந்தப் பெட்டி சுவிட்சை மாற்றுங்கள். புது ஸ்டாண்டு, புது ஹெட்போன், உறை எல்லாம் பிறகு.

சில நடைமுறைத் தொல்லைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெடல் தலைகீழாக வேலை செய்கிறது, மிதித்தால் ஒலி வெட்டுகிறது, விட்டால் நீள்கிறது என்று சிலர் சொல்வார்கள். கருவி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். சுவிட்சு பெடல்களில் இரண்டு வகை உண்டு. மிதித்தால் மின்சுற்று மூடுவது ஒன்று, மிதித்தால் திறப்பது இன்னொன்று. ஒரு கம்பெனியின் பெடலை இன்னொரு கம்பெனியின் கருவியில் மாட்டும்போது இந்தக் குழப்பம் வரும். பல கருவிகள் ஆன் செய்கிற நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, அதையே 'மேலே' என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஆன் செய்யும்போது பெடலில் கால் இருக்கக்கூடாது. இருந்தால் அன்றைய பயிற்சி முழுக்கத் தலைகீழ்தான். அணைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு, மறுபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது, பெடல் ஓடிப்போவது. நம் வீடுகளில் தரை டைல்ஸ், கிரானைட், மொசைக். மிதிக்க மிதிக்கப் பெடல் முன்னே நகர்ந்துகொண்டே போகும். குழந்தை அதைத் துரத்திக்கொண்டு காலை நீட்டும், காலை நீட்ட நீட்ட இடுப்பு வழுக்கும், முதுகு வளையும். பெடலுக்கு அடியில் பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள். பாயின் மேலேயே ஸ்டாண்டின் காலும் நிற்கட்டும், அப்போது இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பெடலுக்கு முன்னால் ஒரு செங்கலைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் முதுகு நேராகும்.

கால் எப்படி இருக்க வேண்டும்? குதிகால் தரையில். அது எழும்பவே கூடாது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டுப் பகுதி பெடலின் மேல். கணுக்காலிலிருந்து மட்டும் அசைவு. தொடையைத் தூக்கி மிதிப்பவர்களுக்கு அரை மணியில் கால் வலிக்கும், 'டொக் டொக்' என்று சத்தமும் வரும். பெடலை விடும்போதும் பாதம் பெடலை விட்டுப் பிரியக்கூடாது. அது மேலே வரட்டும், பாதமும் கூடவே வரட்டும். வீட்டில் நாம் வெறுங்காலோடு வாசிக்கிறோம், நல்லது, பெடலின் அசைவு நன்றாகத் தெரியும். தேர்வுக்கோ மேடைக்கோ ஷூ போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், ஒரு வாரம் முன்பிருந்தே அதே ஷூவோடு வாசித்துப் பழகுங்கள். கால் எட்டாத சின்னக் குழந்தைக்கு அவசரம் வேண்டாம். நாற்காலியின் நுனியில் தொங்கிக்கொண்டு மிதிப்பதைவிட, ஆறு மாதம் பெடல் இல்லாமல் விரலாலேயே சுரங்களைச் சேர்த்து வாசிக்கப் பழகட்டும்.

இப்போது முக்கியமான பயிற்சி. எளிய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) நான்கு எடுத்துக்கொள்கிறேன். சி, எஃப், ஜி, மறுபடி சி. மெதுவாக நாலு நாலாக எண்ணப் போகிறேன். 'ஒன்று' என்னும்போது கை கார்டை அடிக்கிறது. 'இரண்டு' என்னும்போது கால் இறங்குகிறது. 'மூன்று', 'நான்கு'. இப்போது பாருங்கள், கையைக் கட்டையிலிருந்து எடுத்தே விட்டேன், ஒலி அணையாமல் நிற்கிறது. அடுத்த கார்டுக்குக் கையைக் கொண்டுபோக எனக்கு நேரம் கிடைத்துவிட்டது. அடுத்த 'ஒன்று'. கை இறங்குகிற அதே நொடியில் கால் மேலே. 'இரண்டு', கால் மறுபடி கீழே.

(வாசித்துக் காட்டுகிறார்.)

கையும் காலும் எதிரெதிராகப் போவதைப் பார்த்தீர்களா? கை இறங்கும்போது கால் ஏறுகிறது. மனித உடம்புக்கு இது பிடிக்காது. கை எதையாவது அழுத்தினால் காலும் கூடவே அழுத்தத்தான் விரும்பும். முதல் வாரம் எல்லோருக்கும் தடுமாறும். இதில் இரண்டு தவறு நடக்கும். கால் சீக்கிரம் எழும்பினால் இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம் விழும்.

(வாசிக்கிறார்.)

கேட்டதா? ஒரு சின்னத் துண்டிப்பு. கால் எழும்பாமலோ, பாதி நேரத்துக்கு எழும்பியோ இருந்தால் பழைய கார்டு புதிய கார்டின் மேல் ஏறிக்கொள்ளும்.

(வாசிக்கிறார்.)

இதுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது. எஃப் கார்டும் ஜி கார்டும் ஒன்றாகச் சேர்ந்து சகதியாகிவிட்டன. கருவியின் சின்ன ஸ்பீக்கரில் இது அவ்வளவாகத் தெரியாது. ஹெட்போன் போட்டுக்கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். அடுத்த கட்டம், 'இரண்டு' வரை காத்திருக்காமல், கார்டு அடித்த உடனே, ஆனால் அடித்த பிறகு, காலை இறக்குவது. இதற்குத்தான் லெகாட்டோ பெடல் என்று பெயர். பியானோ வாசிப்பில் பத்தில் எட்டு இடத்துக்கு இது ஒன்றே போதும்.

சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இடது கை கீழே ஒரு பாஸ் சுரத்தைத் தட்டிவிட்டு மேலே தாவி இரண்டு முறை கார்டை அடிக்கும். மூன்று எண்ணிக்கைப் பாட்டுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். அந்தப் பாஸ் சுரம் அடுத்த இரண்டு எண்ணிக்கைக்கும் நிற்க வேண்டும் என்றால், விரல் அதை விடுவதற்கு முன் கால் இறங்கியிருக்க வேண்டும். விரல் முந்தினால் பாஸ் போச்சு. மேலே கார்டு மட்டும் அந்தரத்தில் நிற்கும். தாவுகிற அவசரத்தில் சுண்டுவிரல் கொஞ்சம் சோம்பலாக இருக்கட்டும். காலுக்கு நேரம் கொடுக்கட்டும்.

இனி நம் சங்கீதத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதிக்காகத்தான் கருவியை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். சி கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொள்கிறேன். பெடலை மிதித்து, எடுக்காமல், மோகனத்தின் ஆரோகணம் வாசிக்கிறேன். ஸ ரி க ப த ஸ.

(வாசிக்கிறார்.)

ஆறு சுரங்களும் ஒன்றாக நின்று முழங்குகின்றன. ஆனால் காதுக்கு இதமாக இருக்கிறது. கோயில் மண்டபத்துக்குள் நின்று கேட்பது போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இப்போது அதே பெடல், அதே வேகம், மாயாமாளவகௌளை. சரளி வரிசை படித்த எல்லோருக்கும் தெரிந்த ராகம்.

(வாசிக்கிறார்.)

முகம் சுளிக்கிறீர்கள். சுளிக்கத்தான் வேண்டும். என் விரலில் தப்பு இல்லை. மாயாமாளவகௌளையில் ஸ–ரி, க–ம, ப–த, நி–ஸ என்று நான்கு இடங்களில் அடுத்தடுத்த கட்டைகள் வருகின்றன. சுத்த ரிஷபம் ஸட்ஜத்துக்கு அடுத்த கட்டை, அந்தர காந்தாரத்துக்கு அடுத்தது சுத்த மத்யமம். பெடல் இந்த நான்கு ஜோடிகளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி நிறுத்துகிறது. ஒவ்வொரு ஜோடியும் உரசிக்கொள்கிறது. மோகனத்தில் அடுத்தடுத்த கட்டை ஒரு இடத்தில்கூட இல்லை. அதனால் உரசல் இல்லை.

ஆகவே கர்நாடக இசையைப் பியானோவில் வாசிக்கிறவர்கள் பெடல் விஷயத்தில் ராகத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஹம்ஸத்வனியில் நி–ஸ என்ற ஒரே ஓர் உரசல்தான். அந்த இடத்தில் மட்டும் காலை எடுத்தால் போதும். தோடியைப் பெடலோடு வாசிக்கவே வேண்டாம் என்பேன். பியானோவில் கமகம் கிடையாது, அதை ஈடுகட்டப் பெடலைப் போட்டு வழவழப்பாக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கமகம் என்பது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. பெடல் இரண்டு சுரத்தையும் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது. இரண்டும் ஒன்றல்ல. கீர்த்தனைக்குக் கீழே இடது கையில் ஸட்ஜ பஞ்சமத்தை நிறுத்தி, தம்புரா போலப் பிடிக்கப் பெடல் போடுவது நியாயமான பயன். மேலே வலது கை ஓடும்போது அந்தப் பெடலே எமனாகிவிடும். அப்போது இடது கை விரல்களே ஸட்ஜ பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், கால் ஓய்வெடுக்கட்டும்.

ஐரோப்பியர்களும் மோகனத்தின் இந்த ஐந்து சுர ரகசியத்தைக் கண்டுகொண்டார்கள். 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா தீவின் கேமலான் இசையைக் கேட்ட க்ளோத் டெபுஸ்ஸி, 1903-இல் 'பகோட்' என்ற பியானோ படைப்பை எழுதினார். அதன் பெரும்பகுதி ஐந்து சுரத்தில் அமைந்தது. நமக்கு மோகனம் போலத்தான் காதில் விழும். நீண்ட நீண்ட பெடலுக்கு அது இடம் கொடுப்பதன் காரணம், நான் சற்று முன் வாசித்துக் காட்டியதுதான்.

பீத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள் என்று தெரியும். 1801-இல் எழுதியது. அதன் முதல் பகுதி முழுவதையும் டேம்பர்கள் இறங்காமல் வாசிக்க வேண்டும் என்று அவரே குறித்திருக்கிறார். அப்படியே செய்யலாமா? அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். பழைய கார்டு புதியதோடு சண்டை போடுவதற்கு முன் பாதி இறந்திருக்கும். உங்கள் டிஜிட்டல் பியானோவுக்குள் இருப்பது பெரும்பாலும் இக்காலத்துக் கச்சேரி கிராண்ட் பியானோவிலிருந்து எடுத்த ஒலி. பாஸ் சுரங்கள் நின்று நிதானமாக ஒலிக்கும். பீத்தோவன் எழுதியபடி அப்படியே செய்தால் நாலாவது வரிக்குள் புழுதிதான். ஒவ்வொரு கார்டு மாறும்போதும் பெடலை மாற்றுங்கள். முழுதாக மாற்றாமல் பாதி மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

அந்தப் 'பாதி'தான் அரைப் பெடல். கார் ஓட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்ச் பிடிப்போம் அல்லவா, முழுதாக விடாமல், முழுதாக மிதிக்காமல்? அதேதான். நிஜப் பியானோவில் டேம்பர் கம்பியை லேசாக உரசிக்கொண்டு நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் மேல் ஸ்தாயி சுரங்கள் அடங்கிவிடும். கீழே உள்ள தடித்த கம்பிகள் முழுதாக அடங்காமல் தொடர்ந்து ஒலிக்கும். பாஸ் நிற்க, மேலே சுத்தமாக, இரண்டும் ஒரே காலில். ஆழம் அளக்கும் பெடலும் அதைப் புரிந்துகொள்ளும் கருவியும் இருந்தால் இதை வீட்டிலேயே பழகலாம். சுவிட்சு பெடலில் இது நடக்காது. எவ்வளவு நுணுக்கமாகக் காலை வைத்தாலும் 0 அல்லது 127. பெட்டி சுவிட்சை மாற்றச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். சுவிட்சிலேயே ஐந்தாண்டு பழகிய கால், நிஜப் பியானோவின் முன் உட்காரும்போது ஒன்றும் தெரியாத காலாக நிற்கும்.

மற்ற இரண்டு பெடல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது பெடல் மென்மைக்கு. கிராண்ட் பியானோவில் அது கட்டைகளையும் சுத்தியல்களையும் சேர்த்து வலது பக்கம் நகர்த்தும். மூன்று கம்பி உள்ள சுரத்தில் சுத்தியல் இரண்டைத்தான் தட்டும். சத்தம் குறைவதைவிட ஒலியின் நிறம் மாறுவதுதான் அதன் அழகு. டிஜிட்டலில் அதைக் கணக்காகச் செய்துவிடுகிறார்கள், சுமாராக இருக்கும். மெதுவாக வாசிக்கத் தெரியாததை மறைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். நடுப் பெடல், மிதிக்கும் நொடியில் எந்தக் கட்டைகள் அழுத்தப்பட்டிருக்கின்றனவோ அவற்றை மட்டும் பிடித்துவைக்கும். 1844-இல் பிரான்ஸின் பொய்ஸெலோ அதைக் காட்சிக்கு வைத்தார், 1874-இல் ஸ்டைன்வே காப்புரிமை பெற்று நிலைநிறுத்தியது. சுவரோரம் நிற்கும் பல பியானோக்களில் நடுப் பெடல் வேறு, அக்கம்பக்கத்தார் தூங்குவதற்காகக் கம்பிக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஒரு கம்பளிப் பட்டையை இறக்குவது. மூன்று பெடல் உள்ள செட்டுக்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாமா என்று கேட்கிறார்கள். பெடல் நகராமல் நிற்கும் என்பதற்காக வாங்குங்கள். நடுப் பெடலுக்காக வாங்க வேண்டாம்.

தேவாலயத்தில் வாசிக்கும் தம்பிகள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். பியானோ ஒலியோடு, வயலின் கூட்டத்தின் ஒலியான ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசிப்பீர்கள். பியானோ ஒலி பெடலில் தேய்ந்து மறையும். ஸ்ட்ரிங்ஸ் தேயாது. பெடல் கீழே இருக்கும்வரை அது அப்படியே நிற்கும். பியானோவில் மன்னிக்கப்படும் அரை நொடித் தாமதம் ஸ்ட்ரிங்ஸில் மன்னிக்கப்படாது. பல கருவிகளில் எந்த ஒலிக்குப் பெடல் போக வேண்டும் என்று தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். ஸ்ட்ரிங்ஸுக்குப் பெடலை நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கருவி ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைத் தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சில மாடல்களில் 64, மற்றவற்றில் 128, 192, 256. 64 நிறையத்தானே என்று தோன்றும். இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனிப் பதிவு என்றால் ஒரு சுரத்துக்கே இரண்டு போய்விடும். ஸ்ட்ரிங்ஸும் சேர்ந்தால் இன்னும் கூடும். பெடலை எடுக்காமல் கீழிருந்து மேலே ஓடினால், எல்லை தாண்டியதும் பழைய சுரங்களைக் கருவி சத்தமில்லாமல் கைவிடும். முதலில் அடித்த பாஸ் திடீரென்று காணாமல் போவது அதனால்தான்.

டிஜிட்டலில் குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேனோ? நிஜப் பியானோவில் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு பதிவு மென்பொருளில் வாசித்துப் பாருங்கள். சுரங்கள் கோடுகளாக வரும். அதற்குக் கீழே 64 என்ற எண்ணுக்கு உரிய வரைபடத்தைத் திறந்தால் உங்கள் கால் செய்தது அத்தனையும் தெரியும். கார்டு தொடங்கும் இடத்துக்கு முன்பே பெடல் கோடு இறங்கியிருக்கிறதா, பிறகும் நீண்டிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். வகுப்பில் "சகதியா இருக்கு" என்று பத்து தடவை சொன்னாலும் நம்பாத பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள்.

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தேர்வு அறையில் உங்களுக்காக நிற்பது உங்கள் வீட்டுக் கருவி அல்ல. அதன் பெடல் இன்னும் ஆழமாகப் போகலாம், இல்லை தொட்டதும் பிடித்துக்கொள்ளலாம். நாற்காலியைச் சரிசெய்துவிட்டு, ஒரு கார்டை அடித்து, பெடலை மிக மெதுவாக மேலே விட்டு, எந்த ஆழத்தில் ஒலி அணைகிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. தேர்வாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கருவிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அங்கே பெடல் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை, தரையில் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு பிள்ளையை, இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் பாட்டை ஒரு முறை பெடலே இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். விரல்கள் விட்டுப்போகும் இடம் எல்லாம் வெளியே தெரியும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பெடலைச் சேர்க்கட்டும்.

பெட்டி சுவிட்சு ஒன்றும், ஆழம் அளக்கும் பெடல் ஒன்றும் மேடையில் வைத்திருக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டித் தருகிறேன். பிள்ளைகள் வரிசையாக வந்து மிதித்துப் பாருங்கள். செருப்பை மட்டும் படிக்கட்டு ஓரமாகக் கழற்றிவிட்டு வாருங்கள்.